களத்தில் கிடக்கும் ராகிக் குவியலில் எத்தனை மூட்டை இருக்கும்?

பென்னாகரம் பக்கத்திலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். ராகி அடித்துத் தூற்றிக் களத்தில் ஒரே குவியலாகக் கூட்டி வைத்திருக்கிறார்கள். அடியைச் சுற்றிக் கயிறு பிடித்தால் 31 அடி. அடியிலிருந்து உச்சி வரை சரிவில் டேப் வைத்தால் 5 அடி 6 அங்குலம். வியாபாரி பார்த்துவிட்டு "பத்து மூட்டைதான் தேறும்" என்கிறார். மாமனார் "பதினெட்டுக்குக் குறையாது" என்கிறார். இதில் யார் சொல்வது சரி, இதைக் கொட்டி வைக்க 5 அடி விட்டத்தில் தகரக் குதிர் செய்தால் எவ்வளவு உயரம் வேண்டும் என்பது கேள்வி. கூடவே கூம்பின் கன அளவுக்குச் சூத்திரமும் கேட்டிருக்கிறார்.

சூத்திரம் பத்தாம் வகுப்புப் புத்தகத்தில் அளவியல் பாடத்தில் இருக்கிறது. அவருக்கு உண்மையில் தெரிய வேண்டியது, இந்தக் கணக்கை நம்பி வியாபாரியிடம் பேசலாமா என்பதுதான் என்று எடுத்துக்கொள்கிறேன். பேசலாம். ஆனால் கணக்கில் எந்த இடம் உறுதி, எந்த இடம் ஆட்டம் காணும் என்று தெரிந்துகொண்டு பேச வேண்டும். நான் கிருஷ்ணகிரியில் கட்டட வேலைக்கு அளவெடுக்கிற ஆள். ஜல்லி, எம்-சாண்ட் குவியலை அளந்து இத்தனை யூனிட் என்று எழுதிக் கொடுப்பது என் பிழைப்பு. தானியமானாலும் ஜல்லியானாலும் குவியலை அளக்கிற முறை ஒன்றுதான்.

முதலில் நீங்கள் கொடுத்த அளவுகளை அப்படியே வைத்துப் போட்டுப் பார்ப்போம். சுற்றளவு 31 அடியை 6.283-ஆல் வகுத்தால் ஆரம் 4.93 அடி. சாயுயரம் 5 அடி 6 அங்குலம், அதாவது 5.5 அடி. (5.6 என்று போட்டுவிடாதீர்கள். அடிக்குப் பன்னிரண்டு அங்குலம், பத்து இல்லை. கால்குலேட்டரில் இந்த இடத்தில் சறுக்குகிறவர்கள் நிறையப் பேர்.) சாயுயரத்தின் வர்க்கத்திலிருந்து ஆரத்தின் வர்க்கத்தைக் கழித்து வர்க்கமூலம் எடுத்தால் நேர் உயரம் 2.43 அடி, அதாவது 2 அடி 5 அங்குலம். இந்த ஆரமும் உயரமும் உள்ள உருளையில் மூன்றில் ஒரு பங்குதான் கூம்பு. எனவே கன அளவு 62 கன அடிக்குத் துளி குறைவு. ஒரு கன அடிக்கு 28.32 லிட்டர் என்பதால் சுமார் 1,753 லிட்டர்.

சுற்றளவிலிருந்து ஆரம், ஆரத்திலிருந்து பரப்பு என்று மூன்று படி ஏற வேண்டாம் என்றால் ஒரு குறுக்கு வழி உண்டு. சுற்றளவை அதே சுற்றளவால் பெருக்கி, நேர் உயரத்தாலும் பெருக்கி, 37.7-ஆல் வகுத்துவிடுங்கள். கூம்பின் கன அளவு வந்துவிடும். களத்தில் ஆரத்தை அளக்க முடியாது, சுற்றளவைத்தான் கயிறு போட்டு எடுக்க முடியும் என்பதால் எனக்கு இது ஒன்றே போதும். 37.7 என்பது 12-ஐ பையால் (π, அதாவது 3.1416) பெருக்கி வருகிற எண். பைக்கு 22/7 போடுவதா 3.14 போடுவதா என்று சிலர் பெரிய சண்டையே போடுவார்கள். உங்கள் குவியலில் அந்த வித்தியாசம் நாலு கிலோவைத் தாண்டாது. தூற்றும்போது காற்றில் போனது அதைவிட அதிகம்.

இதுவரை சொன்னதில் சந்தேகத்துக்கு இடமில்லை. குவியல் சரியான கூம்பாக இருந்து, இரண்டு அளவும் சரியாக இருந்தால், 62 கன அடி என்பது யார் போட்டாலும் 62தான். தகராறு அந்த இரண்டு "இருந்தால்"களில் இருக்கிறது.

உங்கள் அளவில் எனக்கு முதல் உறுத்தல் சாயுயரம். குவியல் தட்டையாக இருக்கும்போது சாயுயரமும் ஆரமும் கிட்டத்தட்ட ஒரே அளவாகிவிடும். உங்களுக்கு 5.5-ம் 4.93-ம். இரண்டையும் வர்க்கப்படுத்திக் கழித்தால் மிஞ்சுவது சின்ன எண். பெரிய எண்களில் இருக்கிற சின்னப் பிசகெல்லாம் அந்தச் சின்ன எண்ணில் வந்து குந்திக்கொள்ளும். டேப் ஒரே ஒரு அங்குலம் தளர்ந்து, உண்மையான சாயுயரம் 5 அடி 5 அங்குலமாக இருந்தது என்று வையுங்கள். உயரம் 2.24 அடிக்கு இறங்கும், கன அளவு 57 கன அடியாகிவிடும். அதே டேப் ஒரு அங்குலம் மறுபக்கம் போய் 5 அடி 7 அங்குலம் என்றால் 66.6 கன அடி. டேப்பில் ஒரு அங்குலம் முன்னே பின்னே போனால் ஏறத்தாழ ஒரு குவிண்டால் கூடும், அல்லது குறையும். தானியத்தின் மேல் டேப்பை இழுத்துப் பிடித்தால் அமுங்கும், இழுக்காமல் விட்டால் தொய்யும். ஒரு அங்குலம் பிசகாமல் யாராலும் பிடிக்க முடியாது.

ஆகவே சாயுயரத்தை விட்டுவிட்டு நேர் உயரத்தை நேராகவே அளந்துவிடுங்கள். கட்டுக்கம்பியை விடச் சற்றுத் தடித்த, முனை மழுங்கிய கம்பி ஒன்றை உச்சியில் நேர் செங்குத்தாகச் செருகி, தரையில் இடிக்கும் வரை இறக்குங்கள். கீழே தார்ப்பாய் விரித்திருந்தால் கூர்முனை ஓட்டை போட்டுவிடும், அதனால்தான் மழுங்கிய முனை. உச்சி மட்டத்தில் கட்டைவிரலால் பிடித்து உருவி அளந்தால் முடிந்தது. கம்பி இல்லையென்றால் மேஸ்திரிகள் வைத்திருக்கும் டியூப் லெவலை (தண்ணீர் நிரப்பிய மட்டக் குழாய்) ஒருவர் உச்சியிலும் ஒருவர் களத்து ஓரத்திலும் பிடித்தால் போதும். இப்படி எடுத்த உயரத்தில் ஒரு அங்குலம் பிசகினாலும் 45 கிலோதான் மாறும், நூறு கிலோ மூட்டைக் கணக்கில் அரை மூட்டைக்கும் குறைவு. தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் பாறைமேலேயே களம் வைத்திருப்பவர்கள் உண்டு. பாறை எந்தப் பக்கமாவது சாய்ந்திருக்கும், நடுவில் குழிந்தும் இருக்கும். அப்படிப்பட்ட களமாக இருந்தால் உச்சிக்கு நேர் கீழே மட்டும் செருகினால் போதாது. அடிவிளிம்புக்கும் உச்சிக்கும் நடுவில் நான்கு பக்கமும் செருகிப் பார்த்தால்தான் கீழே தரை எப்படி இருக்கிறது என்று தெரியும்.

இரண்டாவது உறுத்தல் கயிறு. குவியலின் அடியில் மணி சிதறி மெல்லிசாக ஓடியிருக்கும். அந்தச் சிதறலையும் சேர்த்து வெளியே கயிறு போட்டால், ஆரத்தில் அரை அடி கூடினாலே கன அளவு நூற்றுக்கு 21 கூடிவிடும். உங்கள் குவியலில் அது கிட்டத்தட்ட மூன்று மூட்டை! விளக்குமாற்றால் ஓரத்தை உள்ளே தள்ளி, சரிவு தரையைத் தொடுகிற இடம் தெளிவாகத் தெரிந்த பிறகு கயிறு போடுங்கள். குவியல் வட்டமாக இல்லாமல் முட்டை வடிவில் நீண்டிருந்தால் கயிற்றை விட்டுவிட்டு, நீளவாக்கில் ஒரு விட்டமும் அகலவாக்கில் ஒரு விட்டமும் எடுத்து, இரண்டையும் பெருக்கி, உயரத்தால் பெருக்கி, 3.82-ஆல் வகுங்கள்.

உச்சியைப் பற்றிப் பலரும் கவலைப்படுவார்கள், "முனை கூர்மையாக இல்லையே, மொண்ணையாக இருக்கிறதே" என்று. அது பெரிய விஷயமே இல்லை. கூம்பின் உயரத்தில் மேலே உள்ள பாதியில் மொத்தச் சரக்கில் எட்டில் ஒரு பங்குதான் இருக்கும். மேலே மூன்றில் ஒரு பகுதியில் இருப்பது இருபத்தேழில் ஒரு பங்கு. உங்கள் குவியலில் உச்சியிலிருந்து பத்து அங்குலம் வரை உள்ளது அரை மூட்டையை ஒட்டித்தான் வரும். சரக்கெல்லாம் அடியில்தான் கிடக்கிறது. ஆனால் நம் கண் உயரத்தைப் பார்த்துத்தான் மதிப்புப் போடும். உயரம் குறைந்து பரந்து கிடக்கிற குவியலைக் கண் எப்போதும் குறைத்துத்தான் சொல்லும். வாங்குகிறவருக்கு அது வசதி. உச்சியில் யாராவது ஏறி உட்கார்ந்து நன்றாகவே தட்டையாகிவிட்டது என்றால் மட்டும் அதை இடைக்கண்டமாக, அதாவது உச்சி வெட்டிய கூம்பாக எடுத்துக்கொள்ளுங்கள். கீழ் ஆரத்தின் வர்க்கம், மேல் ஆரத்தின் வர்க்கம், இரண்டு ஆரத்தையும் பெருக்கியது, இந்த மூன்றையும் கூட்டி, உயரத்தால் பெருக்கி, 1.047-ஆல் பெருக்கினால் வரும்.

சரி, 62 கன அடியை எடையாக மாற்ற வேண்டும். இங்கேதான் சூத்திரம் கைவிட்டுவிடும். ஒரு லிட்டர் ராகி எத்தனை கிலோ என்பது ரகம், காய்ச்சல், பதர் எவ்வளவு கலந்திருக்கிறது என்பதைப் பொறுத்து மாறும். நன்றாகக் காய்ந்து தூற்றிய ராகி லிட்டருக்கு முக்கால் கிலோவை ஒட்டி வரும் என்று வைத்துத்தான் நான் போடுகிறேன். ஆனால் என் 0.75-ஐ நீங்கள் நம்ப வேண்டிய அவசியமில்லை, அங்கேயே கண்டுபிடித்துவிடலாம். ஒரு வாளியின் உட்புறம் மேல்பக்கமாக ஒரு கோடு போடுங்கள். அந்தக் கோடு வரை தண்ணீர் ஊற்றி எடை போடுங்கள். வாளியைத் துடைத்துக் காயவைத்து, அதே கோடு வரை ராகி போட்டு எடை போடுங்கள். இரண்டிலும் வாளியின் எடையைக் கழித்துவிட்டு, ராகி எடையைத் தண்ணீர் எடையால் வகுத்தால் லிட்டருக்கு எத்தனை கிலோ என்பது வந்துவிடும். தண்ணீர் 9.2 கிலோ, ராகி 6.9 கிலோ என்றால் 0.75. வாளி எத்தனை லிட்டர் பிடிக்கும் என்று தெரிய வேண்டியதே இல்லை. ஒன்று மட்டும் கவனம். ராகி போட்டபின் வாளியைக் குலுக்காதீர்கள், தட்டாதீர்கள். குவியலில் மணி எப்படித் தளர்வாகக் கிடக்கிறதோ அப்படியே வாளியிலும் விழ வேண்டும். குவியலின் மேலே, நடுவில், ஓரத்தில் என்று மூன்று இடத்திலிருந்து அள்ளுங்கள். பதர் எப்போதும் ஓரத்துக்கு ஓடியிருக்கும்.

0.75 என்று வைத்தால் 1,315 கிலோ. 0.70 என்றால் 1,227, 0.80 என்றால் 1,402. ஆக நூறு கிலோ மூட்டைக்கு 12 முதல் 14 வரை, நடுவே 13. இதற்கு மேல் துல்லியமாகச் சொன்னால் அது நான் விடுகிற கதை.

பத்து மூட்டைதான் என்கிற வியாபாரியின் கணக்கு சரியாக வர வேண்டுமானால் இதே சுற்றளவுக்கு உயரம் 1 அடி 10 அங்குலம்தான் இருக்க வேண்டும். நீங்கள் அளந்ததற்கு ஏழு அங்குலம் குறைவு. ஒரு அங்குலப் பிசகை ஒத்துக்கொள்ளலாம், ஏழு அங்குலத்தை எப்படி ஒத்துக்கொள்வது? மாமனாரின் பதினெட்டுக்கு உயரம் 3 அடி 4 அங்குலம் வேண்டும். அப்படியென்றால் சரிவு 34 பாகை. ராகி உருண்டையான, வழுக்குகிற மணி; காய்ந்த ராகி அவ்வளவு செங்குத்தாக நிற்பது கடினம். உங்கள் அளவில் சரிவு 26 பாகை, அதுதான் நம்பும்படி இருக்கிறது. ஆனாலும் மாமனாரைத் தள்ளிவிடாதீர்கள். அவர் எந்த மூட்டையைச் சொல்கிறார் என்று கேளுங்கள். நெல் மூட்டை 75 கிலோ என்பது வழக்கத்தில் உள்ள கணக்கு. 1,315-ஐ 75-ஆல் வகுத்தால் பதினேழரை. அவர் மனதில் அந்த மூட்டை இருந்தால் பெரியவர் கண் சூத்திரத்துக்குச் சமமாக வேலை செய்திருக்கிறது. வள்ளம், படி என்று அளந்து சொல்கிற வீடுகளிலும் இதே சிக்கல்தான், வள்ளம் ஊருக்கு ஊர் மாறும்.

நேரடியாக எடை போட்டுவிட்டால் இத்தனையும் எதற்கு என்று கேட்கலாம். நியாயம்தான். நுகர்பொருள் வாணிபக் கழகம் நம் இரண்டு மாவட்டத்திலும் ராகி கொள்முதல் செய்கிறது, அங்கே எடைதான் பேசும். 2025-26-க்கு ராகியின் குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு 4,886 ரூபாய். பத்துக்கும் பதிமூன்றுக்கும் உள்ள மூன்று மூட்டை வித்தியாசம் அந்த விலையில் 14,658 ரூபாய். களத்தில் வைத்து "மொத்தமாக இவ்வளவு" என்று குத்துமதிப்பாகப் பேரம் பேச வருகிறவரிடம் விற்கும் முன் இந்தக் கணக்கு உதவும். பேரம் படிந்தாலும் தராசில் ஏற்றித்தான் கொடுக்க வேண்டும்.

இந்தக் கணக்கு நம் ஊருக்குப் புதிதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1150-ல் இரண்டாம் பாஸ்கரர் எழுதிய லீலாவதியில் தானியக் குவியலுக்கென்றே ஒரு பகுதி இருக்கிறது. சுற்றளவை ஆறால் வகுத்து, அதை வர்க்கப்படுத்தி, உயரத்தால் பெருக்கு என்கிறார். உயரத்தை அளக்கக்கூட வேண்டாம், பருமணி என்றால் சுற்றளவில் பத்தில் ஒன்று, சிறுமணி என்றால் பதினொன்றில் ஒன்று, உமியில் ஊசிமுனை உள்ள தானியம் என்றால் ஒன்பதில் ஒன்று என்று எடுத்துக்கொள் என்கிறார். ஆறால் வகுப்பது என்றால் பையை 3 என்று வைப்பது. அதே நூலில் 22/7-ஐயும், அதைவிட நுணுக்கமான 3927/1250-ஐயும் அவரே கொடுத்திருக்கிறார். தெரியாமல் போடவில்லை, குவியலுக்கு இது போதும் என்று நினைத்திருப்பார் என்பது என் ஊகம். உங்கள் 31 அடிக்கு அவருடைய சிறுமணிக் கணக்கில் உயரம் 2.82 அடி, கன அளவு 75 கன அடி வருகிறது. நம் 62-க்கு இது நிறையவே அதிகம். பை 3 என்றதால் கன அளவில் கூடியது நூற்றுக்கு ஐந்துக்கும் கீழே. மீதியெல்லாம் உயரத்தை அளக்காமல் அனுமானித்ததால் வந்தது. சுவரை ஒட்டிய குவியலுக்கும் அவர் வழி சொல்லியிருக்கிறார், அது இன்றும் அப்படியே செல்லும். சுவரில் சாய்ந்த குவியல் அரைக் கூம்பு, உள்மூலையில் இருப்பது கால் கூம்பு. வளைவின் நீளத்தை மட்டும் கயிற்றில் எடுத்து முதலதற்கு 2-ஆல், இரண்டாவதற்கு 4-ஆல் பெருக்கி முழுக் கூம்பாகப் போட்டு, விடையை அதே எண்ணால் வகுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

இனிக் குதிர். உருளைக் கணக்கில் குவியல் மாதிரித் தொல்லை இல்லை. 5 அடி விட்டம் என்றால் அடிப்பரப்பு 19.63 சதுர அடி. ஒரு அடி உயரத்துக்கு 417 கிலோ ராகி பிடிக்கும். உங்கள் சரக்கை மட்டமாக நிரவிவிட்டால் 3 அடி 2 அங்குலம் வரை நிற்கும். நிரவாமல் மேலிருந்து கொட்டினால் உள்ளேயும் கூம்பாகத்தான் குவியும். ஓரத்தில் 2 அடி 9 அங்குலமும் நடுவில் 4 அடிக்கு ஒட்டியும் நிற்கும். இரண்டுக்கும் சேர்த்து 4 அடி உயரம் வையுங்கள். இதில் ஒரு வசதி இருக்கிறது. தகடு எட்டுக்கு நாலு அடி அளவில் கடையில் கிடைக்கும். இரண்டு தகட்டை நீளவாக்கில் சேர்த்தால் 16 அடி. 5 அடி விட்டத்துக்குச் சுற்றளவு 15 அடி எட்டரை அங்குலம். மிச்சம் மூன்றரை அங்குலம், இரண்டு இணைப்புக்கும் ஆளுக்கு ஒன்றே முக்கால் அங்குலம் மடிப்பு. ஒரு துண்டுகூட வீணாகாது.

உயரமும் விட்டமும் சமமாக இருந்தால் தகடு குறைவாகச் செலவாகும் என்று யாராவது சொல்வார்கள். மூடிய உருளைக்கு அது உண்மைதான். உங்கள் 62 கன அடிக்கு அந்த விட்டம் 4.29 அடி, அடி-மேல்-சுவர் எல்லாம் சேர்த்து 86.7 சதுர அடி. 5 அடி விட்டத்தில் அதே கொள்ளளவுக்கு 88.8. இரண்டு சதுர அடி மிச்சத்துக்காகத் தகட்டைக் கண்டபடி வெட்டித் துண்டு போடுவதில் எனக்கு உடன்பாடு இல்லை.

மூடி கூம்பாக வேண்டுமென்றால் பட்டறையில் இதைச் சொல்லுங்கள். வெளியே இரண்டு அங்குலம் நீட்டிக்கொள்ள ஆரம் 32 அங்குலம், உயரம் 12 அங்குலம். சாயுயரம் 34.2 அங்குலம். அந்த ஆரத்துக்கு ஒரு வட்டம் வெட்டி, அதிலிருந்து ஒரு முக்கோணச் சிம்பை எடுத்துவிட்டு விளிம்புகளைச் சேர்த்தால் மூடி. எவ்வளவு எடுப்பது என்பதற்குப் பாகைமானி வேண்டாம். சாயுயரத்திலிருந்து ஆரத்தைக் கழித்து 6.28-ஆல் பெருக்குங்கள், வட்டத்தின் விளிம்பில் 13.7 அங்குலம். மடிப்புக்கு ஒரு அங்குலம் விட்டு 12.7 வெட்டச் சொல்லுங்கள். தகட்டின் அகலம் 4 அடிதான், வட்டம் அதைவிடப் பெரிது என்பதால் நடுவில் ஒரு ஒட்டு தவிர்க்க முடியாது.

குதிர் எங்கே இருக்க வேண்டும் என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனால் எலிக்குப் பயந்து மாடியில் ஏற்றிவிடுகிற வழக்கம் பல வீடுகளில் இருக்கிறது, அதனால் சொல்கிறேன். வீட்டு மாடித் தளத்தைச் சதுர மீட்டருக்கு 200 கிலோ பாரம் என்று வைத்துத்தான் நாங்கள் சாதாரணமாகக் கணக்கிடுவோம். உங்கள் ராகியைக் கொட்டிய இந்தக் குதிர் தன் அடியில் சதுர மீட்டருக்கு 720 கிலோ அழுத்தும், தகட்டின் எடை சேர்க்காமலே. கீழ்த்தளத்தில், செங்கல் மேடை கட்டி அதன்மேல் வையுங்கள். கம்பி செருகி எடுத்த உயரத்தையும் வாளி எடையையும் இங்கே எழுதினால் 12-க்கும் 14-க்கும் நடுவே எங்கே நிற்கிறது என்று பார்த்துச் சொல்கிறேன்.